தேதி கேட்கிறார்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் வளர்ந்தவள். குழந்தையிலேயே ஞானஸ்நானம், அப்புறம் வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல், பாடகர் குழு எல்லாம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டார் போகும் சபைக்குப் போகிறேன். அங்கே சாட்சி சொல்ல எழுந்தால் இரட்சிக்கப்பட்ட தேதியை, அதாவது இயேசுவை ஏற்றுக்கொண்டு மறுபடியும் பிறந்த நாளைச் சொல்ல வேண்டும். எனக்குத் தேதி இல்லை. "தேதி தெரியலைன்னா நீ இன்னும் பிறக்கவே இல்லை" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜெபிக்கவே பயமாக இருக்கிறது. இயேசுவை நம்பாத நாள் ஒன்று என் ஞாபகத்திலேயே இல்லை. நான் மறுபடியும் பிறந்தவளா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னது பரிசேயரும் யூதத் தலைவருமான நிக்கொதேமுவிடம், ஒரு ராத்திரியில். யோவான் 3ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அங்கே வரும் 'அனோதென்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலேயிருந்து' என்றும் பொருள். நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, வயதான மனிதன் தாயின் வயிற்றுக்குள் எப்படிப் போவான் என்று கேட்கிறார். இயேசு காற்றைக் காட்டுகிறார்: சத்தம் கேட்கிறாய், ஆனால் எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாது, ஆவியினால் பிறந்தவனும் அப்படியே. தேதி கேட்கிறவர்கள் இந்த 8ஆம் வசனத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

சரி, நிக்கொதேமு எப்போது பிறந்தார்? யோவான் சொல்லவே இல்லை. 7ஆம் அதிகாரத்தில், விசாரிக்காமல் ஒருவனைக் குற்றவாளி என்று தீர்க்கலாமா என்று தன் கூட்டத்தாரிடமே கேட்கிறார், திட்டு வாங்குகிறார். 19ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் ஓடிப்போன பிறகு, இயேசுவின் உடலை அடக்கம்பண்ண வெள்ளைப்போளம், கரியபோளம் என்ற வாசனைப் பொருள்களைக் கலந்து ஏறக்குறைய 100 இராத்தல் கொண்டுவருகிறார், இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல். முன்பு இருட்டில் ஒளிந்து வந்த மனுஷன்! இடையில் எந்த நாளில் அது நடந்தது என்று அவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாரா, தெரியவில்லை.

தேதி உள்ளவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. என் அப்பாவுக்குத் தேதி உண்டு, பைபிளின் முதல் தாளில் நீல மையில் எழுதி வைத்திருந்தார், குடியை விட்டது அன்றைக்குத்தான். அந்த நாளுக்காக எங்கள் வீடே கர்த்தருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டனைப் பாருங்கள். 1748 மார்ச்சில் அட்லாண்டிக்கில் புயல், கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது, விடியற்காலை 3 மணியிலிருந்து நண்பகல் வரை பம்ப் அடித்துக்கொண்டே அவர் கடவுளை நினைத்தார். வாழ்நாள் முழுக்க மார்ச் 21ஐ அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலின் கேப்டனாகப் போனார், 1754 வரை. அதுவும் உடம்புக்கு முடியாமல் போனதால் நின்றது. அந்த வியாபாரத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல், புயல் அடித்து 40 வருஷம் கழித்து. புயல் நாளில் தான் முழு விசுவாசியாகிவிடவில்லை என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார். அந்த நாள் பொய்யில்லை, ஆனால் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியில் கிடந்தவர்களுக்கு அந்தத் தேதியால் ஒன்றும் ஆகவில்லை என்பதும் பொய்யில்லை.

எங்கள் ஆச்சிக்குத் தேதி கிடையாது. ஓரகத்தியோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை, கிணற்றுத் தகராறு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். அந்த வீட்டு நடையில் நின்று, "ஏட்டி, நாளைக்கு ராப்போஜனம். உன்கிட்ட பேசாம நான் எப்படி எடுக்க?" என்றாள். கோயிலில் அப்பமும் இரசமும் எடுக்கும் திருவிருந்தைத்தான் சொன்னாள். உள்ளேயிருந்து சின்ன ஆச்சி கை கழுவாமல், மாவுக் கையோடு ஓடி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றின் சத்தம் என்றால் எனக்கு அதுதான்.

நம்பாத நாள் ஞாபகத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அடுத்த முறை சாட்சிக்கு எழுந்தால் அதையே சொல்லுங்கள். தேதி ஒன்றைக் கற்பித்து மட்டும் சொல்லிவிடாதீர்கள், கர்த்தருக்கு முன்னால் அது வேண்டாம். அத்தையோடு வாதாடவும் வேண்டாம். அவர்களுடைய தேதி எது, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்