கடன் முந்தியா, சீருடை முந்தியா?

இந்த வாரம் வந்த ஐந்து கடிதங்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்கின்றன: கடன், வாடகை விஷயத்தில் சட்டம் நம்மைக் காக்குமா? அமெரிக்க ராணுவத்தில் தாமே பணியில் இருக்கும், அல்லது மகனோ கணவரோ தம்பியோ இருக்கும் நம்மவர்கள் எழுதியவை. அங்கே தமிழர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கிரீன் கார்டு இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' என்ற திட்டம் 2016 வரை நடந்தது. அதற்கு ராணுவம் போட்ட, தனக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு.

கே: மகன் அடுத்த மாதம் ஃபோர்ட் ஜாக்சனுக்குப் பயிற்சிக்குப் போகிறான். கார் கடன் 18,000 டாலர் பாக்கி, வட்டி 14 சதவீதம். கிரெடிட் கார்டில் 24 சதவீதம். படிப்புக் கடன் வேறு. சேர்ந்துவிட்டால் எல்லாமே 6 சதவீதம் ஆகிவிடும் என்று ஆள் சேர்க்க வந்தவர் சொன்னாராம். நம்பலாமா?
— எடிசன், நியூஜெர்சியிலிருந்து ஓர் அம்மா

ப: நம்பலாம் அம்மா. ஆனால் தானாக நடந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

சர்வீஸ்மெம்பர்ஸ் சிவில் ரிலீஃப் ஆக்ட், சுருக்கமாக எஸ்சிஆர்ஏ, 2003-இல் வந்த சட்டம். அதற்கு முன் 1940-இலும் 1918-இலும் இதே நோக்கத்தில் சட்டங்கள் இருந்தன. பணியில் சேருவதற்கு முன் வாங்கிய கடனுக்கு, பணியில் இருக்கும் காலம் முழுக்க 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்கிறது அது. பயிற்சிக் காலமும் பணிக் காலம்தான். வீட்டுக் கடன் என்றால் பணி முடிந்த பிறகும் ஓராண்டு வரை இந்தச் சலுகை உண்டு.

உங்கள் மகனின் கார் கடனையே எடுத்துக்கொள்வோம். 18,000 டாலருக்கு 14 சதவீதம் என்றால் இந்த மாத வட்டி 210 டாலர். 6 சதவீதமானால் 90. மீதி 120 டாலர் தள்ளுபடி. இது தள்ளிவைப்பு இல்லை, கடைசியில் சேர்த்து வாங்கவும் முடியாது. மாதத் தவணையும் அந்த அளவு குறைய வேண்டும். சில இடங்களில் வட்டியைக் குறைத்துவிட்டுத் தவணையைப் பழையபடியே வைத்திருப்பார்கள். முதல் பில் வந்ததும் பாருங்கள்.

இதைக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் எழுத்தில். கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம், கூடவே பணி ஆர்டரின் நகல். பணி முடிந்து 180 நாள் வரை கேட்கலாம், பணியில் சேர்ந்த நாளிலிருந்தே கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இருந்தாலும் தாமதிக்காதீர்கள். பயிற்சி முகாமில் பெரும்பாலான நேரம் கையில் போன் இருக்காது, தவணை நாள் மட்டும் தவறாமல் வரும். அதனால் கிளம்புவதற்கு முன் உங்கள் பெயருக்கு பவர் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பவர் வைத்திருப்பவர் அவனுக்காக இந்த உரிமைகளைக் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஆர்டர் நகலை வைக்காமல் கடிதம் மட்டும் அனுப்பினான். வங்கி பதிலே போடவில்லை. நகலோடு அனுப்பிய இரண்டாவது கடிதத்துக்குத்தான் காரியம் நடந்தது.

படிப்புக் கடனில் வேலை கொஞ்சம் சுலபம். அரசுக் கடனுக்கு 2008 ஆகஸ்ட் முதல் இந்த வரம்பு பொருந்தும். வசூலிக்கும் நிறுவனமே ராணுவப் பதிவேட்டைப் பார்த்து வட்டியைக் குறைக்க வேண்டும். தனியார் கடன் என்றால் நீங்கள்தான் எழுத வேண்டும். பெரிய நிறுவனம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2014-இல் சேலி மே, நேவியண்ட் என்ற படிப்புக் கடன் நிறுவனங்கள் இதே 6 சதவீத விஷயத்தில் சுமார் 78,000 பேருக்கு 6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வழக்குப் போட்டது அமெரிக்க அரசின் நீதித் துறை.

கிரெடிட் கார்டில் ஒரு எச்சரிக்கை: சேர்ந்த நாள்வரை இருந்த பாக்கிக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு. அதே கார்டில் பிறகு வாங்குவது கணக்கில் வராது. (சில வங்கிகள் தாமாகவே 6-க்கும் கீழே இறங்குவதுண்டு. கேட்பதில் நஷ்டம் இல்லை.) இந்தச் சலுகையைக் கேட்டதற்காக கிரெடிட் ரிப்போர்ட்டில் கரும்புள்ளி வைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தவணை தவறினால் அது வேறு கதை.

கே: கணவர் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது கொரியாவில். குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது அவசரத்துக்கு 400 டாலர் பேடே லோன் (அடுத்த சம்பள நாள்வரைக்கான குறுகிய காலக் கடன்) வாங்கினேன். இரண்டு வாரத்துக்கு 60 டாலர் கட்டணம். மூன்று முறை புதுப்பித்து 180 டாலர் கட்டிவிட்டேன், அசல் அப்படியே நிற்கிறது. சட்டம் உங்கள் கணவருக்குத்தான், உங்களுக்கு இல்லை என்கிறார்கள்.
— கிலீன், டெக்சாஸ்

ப: அவர்கள் சொல்வது தவறு. உங்கள் கடன் பணிக்காலத்தில் வாங்கியது, அதனால் மேலே சொன்ன சட்டம் பொருந்தாது. இதற்கென்றே இன்னொரு சட்டம் இருக்கிறது: மிலிட்டரி லெண்டிங் ஆக்ட், சுருக்கமாக எம்எல்ஏ. (ஆமாம், நம் ஊர் எம்எல்ஏவைவிட இவர் கூப்பிட்டால் சீக்கிரம் வருவார்.) 2006-இல் நிறைவேறி 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ராணுவ முகாம்களின் வாசலில் வட்டிக்கடைகள் மொய்ப்பதைப் பற்றிப் பாதுகாப்புத் துறை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கைதான் இதற்குப் பின்னணி. கடனில் மூழ்கிய சிப்பாய்க்கு ரகசியப் பணிக்கான அனுமதி கிடைப்பதே சிக்கலாகிவிடும் என்பது அவர்கள் கவலை.

இந்தச் சட்டம் மனைவியையும் சார்ந்து வாழும் பிள்ளைகளையும் சேர்த்தே காக்கிறது. வட்டி, விண்ணப்பக் கட்டணம், தலையில் கட்டும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 36 சதவீதம்தான் உச்சவரம்பு. உங்கள் கணக்கைப் பாருங்கள். 400-க்கு 60 என்றால் இரண்டு வாரத்துக்கு 15 சதவீதம். வருடத்தில் 26 இரண்டு வாரங்கள். ஆக 390 சதவீதம்! 36 சதவீதக் கணக்கில் உங்களிடம் அவர்கள் வாங்கியிருக்கக்கூடியது இரண்டு வாரத்துக்கு ஐந்தரை டாலர்தான். இப்படிப் பழைய கடனையே புதுப்பித்துப் புதுப்பித்துக் கட்டணம் வாங்குவதையும், நீதிமன்றம் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதையும் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை மீறிய ஒப்பந்தம் முதல் நாளிலிருந்தே செல்லாது.

ஒரே ஒரு ஓட்டை. கடன் கொடுக்கும்போது ராணுவப் பதிவேட்டில் தேடி, 'இவர் ராணுவக் குடும்பம் இல்லை' என்று வந்த பதிலை அவர்கள் பத்திரப்படுத்தியிருந்தால் தப்பிக்கலாம். நம் பெயர்களில் இது நடக்கக்கூடியதுதான். ஓர் ஆவணத்தில் அப்பா பெயர் கடைசியில், இன்னொன்றில் கணவர் பெயர், மூன்றாவதில் வெறும் இனிஷியல். ராணுவத்தினரையும் குடும்பத்தாரையும் பதிந்துவைக்கும் டீர்ஸ் பதிவேட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, கடன் பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், கோபத்தில் பணம் கட்டுவதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். முதலில் முகாமிலுள்ள சட்ட உதவி அலுவலகத்துக்குப் பத்திரங்களோடு போங்கள். அங்கே வக்கீலுக்குக் காசு கிடையாது, குடும்பத்தாருக்கும் உதவுவார்கள். அவர்கள் எழுதும் ஒரு கடிதத்துக்கே பல கடைகள் அடங்கிவிடும். அடுத்த முறை அவசரம் என்றால் ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் அமைப்பிடம் கேளுங்கள், வட்டியில்லாக் கடன் கொடுப்பார்கள்.

கே: மூன்று வருடமாகப் பணியில் இருக்கிறேன். போன வருடம் முகாமுக்கு எதிரே இருந்த கடையில் 22 சதவீத வட்டியில் கார் எடுத்தேன். 6 சதவீதம் கேட்கலாமா?
— கிளார்க்ஸ்வில், டென்னசி

ப: முடியாது தம்பி. பணியில் சேர்ந்த பிறகு எடுத்தது, அதனால் எஸ்சிஆர்ஏ கிடையாது. கார் வாங்கவே கொடுத்து, அந்தக் காரையே ஈடாக வைத்த கடனை எம்எல்ஏ தொடுவதில்லை. இது பொருந்தினாலும் 36 வரை அனுமதிதான். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் சரியாக விழுந்துவிட்டீர்கள். சம்பளத் தேதி தெரிந்த வாடிக்கையாளர் வாசலிலேயே இருக்கிறார் என்று கடை போட்டவர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரியும்.

செய்யக்கூடியது: ஃபெடரல் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) ஒன்றில் இந்தக் கடனை மாற்றிக் கேளுங்கள். அங்கே 18 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு அனுமதியில்லை. உங்கள் கிரெடிட் நன்றாக இருந்தால் அதைவிட வெகுவாகக் குறையும். ஆனால் பணிக்கு முன் வாங்கிய பழைய கடன் ஏதாவது இருந்தால் அதை இதோடு சேர்த்துப் புதுக் கடனாக மாற்றிவிடாதீர்கள். புதுத் தேதி விழுந்தால் பொதுவாகப் பழைய 6 சதவீத உரிமை போய்விடும்.

கே: ரிசர்வ் படையிலிருந்த தம்பிக்கு அழைப்பு வந்து போயிருக்கிறான். கார் தவணை இரண்டு மாதம் விட்டுப்போனது. நேற்று இரவு வண்டியை இழுத்துப்போக ஆள் வந்து, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் போய்விட்டான். மறுபடி வந்தால்?
— அட்லாண்டா

ப: அழைப்புக்கு முன்பே முன்பணமோ ஒரு தவணையோ கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. தெரிந்தே எடுத்தால் அது குற்றம், ஓராண்டு வரை சிறைகூட உண்டு. கார் கடன் கொடுக்கும் சான்டாண்டர் கன்ஸ்யூமர் நிறுவனம், இப்படி எடுக்கப்பட்ட 1,112 வண்டிகள் பற்றிய விவகாரத்தை 2015-இல் 93 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துத்தான் முடித்தது. தம்பியின் ஆர்டர் நகலோடு கடன் கொடுத்தவருக்கு இன்றே எழுதுங்கள், 6 சதவீதத்தையும் அதிலேயே கேளுங்கள். தவணை பாக்கி எங்கும் போகாது, அதைக் கட்டத்தான் வேண்டும்.

கே: கணவருக்கு நார்ஃபோக்கிலிருந்து ஜப்பானில் யோகோசுகாவுக்கு மாற்றல். வாடகை ஒப்பந்தம் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையை அபராதமாகக் கேட்கிறார். லீஸில் எடுத்த காரும் இருக்கிறது.

ப: அபராதம் கிடையாது. மாற்றல் ஆர்டரின் நகலோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால், அதற்கடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிகிறது. ஜூன் 10 கொடுத்தால் அடுத்த வாடகைத் தேதி ஜூலை 1, முடிவு ஜூலை 31. அதுவரை வாடகை உண்டு. ஜூலை 2 கொடுத்தால் ஆகஸ்ட் 31 வரை கட்ட வேண்டிவரும், அதனால் தேதியைப் பார்த்துக் கொடுங்கள். வீட்டுக்கு நீங்கள் செய்த சேதம் இருந்தால் அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. சாவி கொடுக்கும் அன்று அடுப்படி, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள்.

கார் லீஸும் அப்படியே. அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து வெளிநாட்டுக்கு மாற்றல் என்பதால் முடித்துக்கொள்ளலாம். நோட்டீஸ் கொடுத்த 15 நாளுக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் வாங்கக் கூடாது. ஓடிய மைல் அதிகமானால் அதற்கான தொகை வரலாம். நோட்டீஸைக் கையில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்குங்கள், தபாலில் என்றால் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். அந்தச் சீட்டைச் சாமான் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கப்பலில் போய்ச் சேர மாதக்கணக்காகும். பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள்.