சோப்பு காறாமல் இருக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் சோப்பு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் (எண்ணெய் காற்றுபட்டுக் காறுவதைத் தள்ளிப்போடும் பொருள்கள்) பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சூரியகாந்தி எண்ணெய் பாதியும் தேங்காய் எண்ணெய் பாதியுமாகச் செய்த சோப்பில் மூன்றாம் மாதம் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வந்து, சிக்கு வாடை அடிக்கிறது. என்ன தவறு செய்தேன்?

உங்கள் செய்முறையில் தவறில்லை. எண்ணெய்த் தேர்வில்தான் சிக்கல். சாதாரண சூரியகாந்தி எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். அதிலுள்ள இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும் என்பதால், அந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் புகுந்து பெராக்சைடை உண்டாக்க, அது உடைந்து அடுத்த மூலக்கூறையும் கெடுக்க, ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி நீள்கிறது. நாம் முகரும் காறல் வாடை அந்த உடைசல்களின் வாடை. தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் அமிலம் 2 சதவீத அளவில்தான் இருப்பதால் அது நெடுநாள் தாங்குகிறது.

இரும்பும் செம்பும் மிகச் சிறிய அளவில் இருந்தாலே இந்தச் சங்கிலியை விரைவுபடுத்தும். எனவே ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து வாலை வடிநீரையே பயன்படுத்துங்கள். துருப்பிடித்த கம்பித் தட்டில் சோப்பை உலர்த்தாதீர்கள். காஸ்டிக் சோடாவோடு சேராமல் மிஞ்சும் உபரி எண்ணெயை 5 சதவீதத்துக்குள் வைத்து, சூரியகாந்தியைக் கால் பங்காகக் குறைத்தாலே பெரும்பாலான புள்ளிகள் வராமல் போகும். தடுப்பான்களைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் போதுமா?

போதாது. நம் கடைகளில் கிடைக்கும் அந்த மென்குளிகைகளில் பெரும்பாலும் இருப்பது டோகோஃபெரில் அசிடேட் என்ற வைட்டமின் ஈ வடிவம். ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்க வேண்டிய முனையே அதில் அசிடேட்டால் மூடப்பட்டிருப்பதால், எண்ணெய்க்குள் அது தடுப்பானாக வேலை செய்யாது. தடுப்பான் வேண்டுமென்றால், அசிடேட் அல்லாத கலப்பு டோகோஃபெரால் என்று குறிப்பிட்டு வாங்குங்கள்.

ரோஸ்மேரி எண்ணெய் சேர்த்தும் சோப்பு காறியது. அது நல்ல தடுப்பான் என்கிறார்களே?

நீங்கள் வாங்கியது வாசனை எண்ணெயாக இருக்க வேண்டும். ஆவியில் வடித்தெடுக்கும் அந்த எண்ணெயில் மணம்தான் உண்டு. காப்புத் திறன் உள்ள கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும் ஆவியோடு வருவதில்லை. இலையைக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் கெட்டியான ரோஸ்மேரி சாற்றில்தான் அவை இருக்கின்றன. ஒரு கிலோ எண்ணெய்க்கு 1 கிராம் சாறு போதும். எண்ணெய்ப் புட்டியைத் திறந்த அன்றே அதில் கலந்துவிடுங்கள். சோப்புக் கலவை கெட்டிப்படும்போது சேர்ப்பது தாமதம், ஏனென்றால் அதற்குள் எண்ணெய் அலமாரியில் இருந்தபடியே கெடத் தொடங்கியிருக்கலாம். செயற்கைப் பொருள்களில் தயக்கமில்லாதவர்கள் பிஎச்டி (BHT) என்ற செயற்கைத் தடுப்பானையும் ஏறத்தாழ இதே அளவில், சிறிது எண்ணெயைச் சூடாக்கிக் கரைத்துச் சேர்க்கலாம்.

சிட்ரிக் அமிலம் சேர்த்தால் நல்லது என்று படித்தேன். எப்படிச் சேர்ப்பது?

நல்லதுதான், ஆனால் கணக்குப் பிசகினால் கெடுதலில் முடியும். சிட்ரிக் அமிலம் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட்டாக மாறி, இரும்பு, செம்பு அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு நீரில் சோப்பு திரிந்து வெண்படலமாக ஒட்டுவதையும் குறைப்பதால், நம் ஊர்த் தண்ணீருக்கு இரட்டைப் பயன். ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம் எடுத்தால், அதை நடுநிலையாக்கவே 6.2 கிராம் காஸ்டிக் சோடா செலவாகும் (நீரேறிய வகையென்றால் 5.7 கிராம்). இதை வழக்கமான அளவுக்கு மேல் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஏறக்குறைய 45 கிராம் கடலை எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி, காறலைத் தடுக்கச் சேர்த்த பொருளே காறலுக்கு இரை போட்டதாகிவிடும். முதலில் அமிலத்தை நீரில் முழுவதும் கரைத்து, பிறகு காஸ்டிக்கைச் சிறிது சிறிதாக அந்த நீரில் இடுங்கள். வழக்கத்தைவிடச் சூடு கூடுதலாக எழும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

ரோஸ்மேரி சாறு சங்கிலியை அறுக்கிறது; சிட்ரேட் சங்கிலி தொடங்கும் இடத்தைக் கட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

வைட்டமின் சி தூள் சேர்க்கலாமா?

வேண்டாம். காரத்தில் அது விரைவில் சிதைந்துவிடும். காஸ்டிக்கையும் வீணாகக் குடிக்கும்.

மஞ்சள் தூள் சேர்த்த சோப்பில் செம்புள்ளிகள் வந்தன. இதுவும் காறலா?

பெரும்பாலும் இல்லை. மஞ்சள் காரத்தில் செம்பழுப்பாக மாறும். சரியாகக் கரையாத தூள் கட்டிகள் அப்படித் தெரியும். வார்த்த ஓரிரு நாளிலேயே இருந்து, வளராமல், வாடையின்றி இருந்தால் அது மஞ்சள். வாரங்கள் கழித்துத் தோன்றி, பிசுபிசுத்து, பரவி, பழைய எண்ணெய் வாடை அடித்தால் அது காறல். தூளைச் சிறிது எண்ணெயில் குழைத்து வடிகட்டிச் சேர்த்தால் இந்தக் குழப்பமே வராது.

சோப்பு கெடாமலிருக்க, கிருமி வளர்வதைத் தடுக்கும் பதப்படுத்தியும் சேர்க்க வேண்டுமா?

நன்கு உலர்ந்த கட்டிச் சோப்புக்குத் தேவையில்லை. அதன் காரத்தன்மையிலும் குறைந்த ஈரத்திலும் கிருமிகள் வளர்வது அரிது. பதப்படுத்திகள் கிருமிக்கானவை, அவை காறலைத் தடுக்க மாட்டா.

காறிய எண்ணெயில் தடுப்பானைச் சேர்த்து மீட்க முடியுமா? காறிய சோப்பை உருக்கி மறுபடி வார்க்கலாமா?

இரண்டும் பயன் தராது. தடுப்பான் இனி நடக்கவிருப்பதைத் தள்ளிப்போடுமே தவிர, நடந்துவிட்டதைத் திருப்பாது. காறிய சோப்பை மற்றதோடு சேர்த்து உருக்கினால் நல்ல சோப்பும் விரைவில் கெடும். முகத்துக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தராதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். துணி துவைக்கவும் தரை கழுவவும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.