ஆடியில் காலியாகும் ஸ்பா: அடுத்த வருமானம் எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: கோவையில் மூன்று ஆண்டுகளாகப் பெண்களுக்கான ஸ்பா நடத்துகிறேன். 4 அறைகள், 5 தெரபிஸ்ட்டுகள், வரவேற்பில் ஒருவர். செவ்வாய் விடுமுறை. ஜி.எஸ்.டி. நீங்கலாக மாதம் சராசரியாக 4.2 லட்சம் ரூபாய் வருகிறது. அதில் மசாஜ் 3.5 லட்சம், ஃபேஷியல் 50,000, பொருள் விற்பனை 20,000. செலவு: வாடகை 75,000, சம்பளம் 1,45,000, எண்ணெய், கிரீம், விற்பனைப் பொருள் கொள்முதல் 45,000, மின்சாரம் 22,000, சலவை 15,000, விளம்பரம், பராமரிப்பு 28,000. கையில் 90,000 நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் வரவு 2.8 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. 6 லட்சம் சேமிப்பு இருக்கிறது. காபி ஷாப் போடு, சொந்தப் பெயரில் எண்ணெய் கொண்டுவா, கல்யாணப் பேக்கேஜ் விற்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதில் முதலீடு செய்வது?

பதில்: முதலில் ஒரு சந்தேகம். அந்த 90,000-த்தில் உங்கள் சம்பளம் இருக்கிறதா? நீங்கள் பார்க்கும் மேலாளர் வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் 30,000 கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கழித்தால் தொழில் தரும் லாபம் 60,000-தான். புதிதாக எதைத் தொடங்குவதாக இருந்தாலும் இந்த 60,000-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

உங்கள் செலவில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியவை வாடகை, சம்பளம், மின்சாரம், விளம்பரம்: மொத்தம் 2.7 லட்சம். பொருளும் சலவையும் மட்டும் வரவோடு சேர்ந்து ஏறி இறங்கும், சுமார் 14 சதவீதம். ஆக, மாதம் 3.15 லட்சம் வந்தால்தான் கைப்பிடித்தம் இல்லாமல் தப்பிக்கலாம். ஆடியில் 2.8 லட்சம் வரும்போது சுமார் 30,000 கைநட்டம். உங்களுக்கு வேண்டிய புது வருமானம் இந்தப் பள்ளத்தை நிரப்புகிற வருமானம். தை மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டம் சேர்க்கிற வருமானத்தால் பிரச்சினை தீராது.

காபி ஷாப்பை விட்டுவிடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஃபிரிட்ஜ், தனி ஆள் எல்லாம் வேண்டும். வாங்கப்போவதோ இப்போது வருகிற அதே வாடிக்கையாளர்கள். மசாஜ் முடிந்து வருகிறவருக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபியை இலவசமாகக் கொடுங்கள், மறுபடி வருவார்.

இப்போது காலி நேரத்தைப் பாருங்கள். மசாஜ் சராசரி 1,400 ரூபாய், ஃபேஷியல் 1,000 என்று வைத்தால் மாதம் சுமார் 300 அமர்வுகள் நடக்கின்றன. ஒரு தெரபிஸ்ட் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நாளைக்கு 5 அமர்வுகள் செய்யலாம். 5 பேர், 26 நாள்: 650. பாதிக்கு மேல் கை சும்மா இருக்கிறது. சனி, ஞாயிறில் இடம் கிடைக்காமல் ஆள் திரும்பிப் போவதும், புதன்கிழமை மதியம் எல்லோரும் போன் பார்த்துக்கொண்டிருப்பதும் உங்கள் கடையிலும் நடக்கும் என்றே நினைக்கிறேன். அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்து, கடந்த மூன்று மாதங்களுக்கு மணிவாரியாக எண்ணிப் பாருங்கள்.

அந்த நேரத்தை நிரப்ப 20 சதவீதத் தள்ளுபடி போடுவதுதான் எல்லோரும் செய்வது. நடப்பது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை 1,400 கொடுத்த அதே வாடிக்கையாளர் புதன்கிழமை 1,120-க்கு வருவார். விலையைக் குறைக்காமல், வாரநாளில் காலை 11 முதல் மாலை 4 வரை வருகிறவருக்கு 15 நிமிடப் பாதக் குளியல் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு ஆகும் பொருள் 40 ரூபாய். வழக்கமான பொருளும் சலவையும் 160, தெரபிஸ்ட்டுக்கு ஊக்கத்தொகை 140. மீதி 1,060. வாரநாள் 17-இல் நாளுக்கு இரண்டு பேர் கூடுதலாக வந்தால் மாதம் 36,000 ரூபாய். ஆடி நட்டத்தை ஈடுகட்ட இது ஒன்றே போதும். ஆனால் ஆடியில் அந்த இரண்டு பேர் வருவதும் சிரமம். அதனால் ஸ்பாவுக்கு வெளியேயும் ஒரு வருமானம் வேண்டும்.

அதற்கு நான் முதலில் சொல்வது பிரசவித்த தாய்மார்களுக்கு வீட்டுக்கே சென்று செய்யும் எண்ணெய் மசாஜ். பிரசவத்துக்கு ஆடியும் மார்கழியும் கிடையாது. காலை 7 முதல் 10 வரை, கடை திறக்கும் முன்பே முடிந்துவிடும், அறையும் வேண்டாம். ஒரு நாளுக்கு 900 ரூபாய் வீதம் 15 நாள் பேக்கேஜ். தெரபிஸ்ட்டுக்கு 400, பெட்ரோல் 100, பொருள் 80 போக 320 நிற்கும். ஒரு தாய்க்கு 4,800. மாதம் மூன்று பேர் என்றால் 14,400. காலையில் போகிறவருக்கு அன்றைய கடை நேரத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் இரண்டே மாதத்தில் மணிக்கட்டு வலி என்று விடுப்பு எடுப்பார். சிசேரியன் என்றால் மருத்துவரின் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள்; வயிற்றுப் பக்கம் கை வைக்கக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்காதீர்கள்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: மூன்றாவது நாள் அந்த வீட்டார் தெரபிஸ்ட்டிடம் “நேரா வாம்மா, 700 தர்றோம்” என்பார்கள். மிரட்டி இதைத் தடுக்க முடியாது. 900-இல் 400 என்பது அதனால்தான். முழுப் பணத்தையும் முதல் நாளே கடைக் கணக்கில் வாங்குங்கள், இரண்டு பேரை மாற்றி மாற்றி அனுப்புங்கள்.

அடுத்தது சரவணம்பட்டி போன்ற இடங்களில் உள்ள ஐ.டி. நிறுவனங்களில் பெண் ஊழியர்களுக்கான நாற்காலி மசாஜ். 15 நிமிடம், உடை மாற்றத் தேவையில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல், தெரபிஸ்ட் ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். யாரும் வராவிட்டாலும் உங்களுக்குப் பணம் உண்டு. பெரிய நிறுவனங்கள் பணத்தை இழுத்தடிக்கும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் சிறுதொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

கல்யாணப் பேக்கேஜ் நல்ல யோசனை, ஆனால் அது வருமானம் அல்ல, முன்பணம். ஆவணி முகூர்த்தத்துக்கான பேக்கேஜை ஆடியிலேயே விற்கலாம். ஜவுளிக்கடைகளால் மக்களுக்கு அது பழகிய மாதம்தான். 12,000 ரூபாய்க்கு 10 அமர்வுகள் என்று 20 கார்டுகள் விற்றால் 2.4 லட்சம் வரும். அதை ஆடி வாடகைக்கும் சம்பளத்துக்கும் எடுத்துச் செலவழித்துவிட்டால், ஆவணியில் 200 அமர்வுகள் செய்ய வேண்டியிருக்கும், பணம் வராது. கூட்டம் நிறைந்திருக்கிறது, கல்லா காலி என்று ஸ்பாக்கள் மூடப்படுவது இப்படித்தான். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும், கடந்த வாரம் செய்து முடித்த அமர்வுக்கு 1,200 வீதம் மட்டும் நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். செய்து தர வேண்டிய பாக்கி எப்போதும் ஒரு மாத வரவைத் தாண்டக் கூடாது. சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு, வாங்கிய மாதத்துக்கே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரி பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன், பலரும் தடுமாறும் இடம். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு, உடல்நலச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18-இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ஆனால் உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்கு வாங்கும்போது நீங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை, திரும்ப எடுக்க முடியாது. 2 லட்சம் ரூபாய் மெஷின் வாங்கினால் அதற்கான 36,000 வரியும் உங்கள் செலவுதான். மெஷின் விற்க வருகிறவர் காட்டும் லாபக் கணக்கில் இது பெரும்பாலும் இருக்காது. பொருள் விற்பனை வேறு கணக்கு. கிரீம், லோஷனுக்கு இன்னும் 18 சதவீதம், ஷாம்புவுக்கும் தலைமுடி எண்ணெய்க்கும் 5 சதவீதம். இவற்றை விற்பதற்காக வாங்கும்போது கட்டிய வரியை எடுத்துக்கொள்ளலாம். எனவே அலமாரிச் சரக்குக்கும் அறைச் சரக்குக்கும் தனித்தனி பதிவேடு வேண்டும். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அறையில் பயன்படுத்தினால் அதற்கு எடுத்த வரியைத் திருப்ப வேண்டும். வாடகை போன்ற பொதுச் செலவின் வரியை எப்படிப் பிரிப்பது என்று ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பொருள் விற்பனை 20,000 என்பது குறைவு. 300 பேரில் நான்கில் ஒருவர் 500 ரூபாய்க்கு வாங்கினால் 37,500. எட்டுப் பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். அறையில் தெரபிஸ்ட் எதைப் பயன்படுத்தினாரோ அதுதான் வெளியே விற்கும்.

சொந்தப் பெயர் எண்ணெய் இப்போதைக்கு வேண்டாம். கேனில் வாங்கி, பின்னறையில் பாட்டிலில் ஊற்றி உங்கள் லேபிளை ஒட்டினால் அது சட்டப்படி உற்பத்தி. 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். “மூட்டுவலி போகும்” என்று அச்சடித்தால் அது மருந்தாகிவிடும், சிக்கல் இன்னும் பெரிது. உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் செய்து வாங்கலாம்தான். ஆனால் அவர்கள் கேட்கும் குறைந்தபட்ச ஆர்டர் நூற்றுக்கணக்கில் இருக்கும். மாதம் 30 பாட்டில் விற்கும் கடையில் பாதி காலாவதியாகும். அடுத்தவர் பிராண்டில் ஒரே எண்ணெயை மாதம் 100 பாட்டில் விற்றுக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

6 லட்சத்தில் 4.4 லட்சம் இரண்டு மாத வாடகையும் சம்பளமும். அதைத் தேவைப்படும்போது உடைக்கக்கூடிய வைப்புநிதியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். மீதி 1.6 லட்சத்தில் அலமாரிச் சரக்குக்கு 60,000, மடக்கு நாற்காலிக்கும் விரிப்புகளுக்கும் 40,000, பிரசவத் தாய்மாருக்கான மசாஜில் இரண்டு பேருக்குப் பயிற்சி தர 30,000. எஞ்சிய 30,000-ஐ வரப்போகும் ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது ஏற்பாடுகள் எதுவும் முதல் ஆடியிலேயே முழுதாகக் கைகொடுக்காது.