காய்கறித் தோட்டம் பார்க்க அழகாகவும் இருக்கணும், நன்றாகக் காய்க்கவும் வேண்டும். எப்படி அமைப்பது?

முதலில் வெயிலைப் பாருங்கள், அழகு அப்புறம். தக்காளி, கத்தரி, மிளகாய் காய்க்க தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு 4 மணி நேரம் கிடைத்தாலும் சமாளிக்கலாம்.

பாத்தியின் அகலம் 4 அடியைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் நின்றபடியே கை எட்டினால் உள்ளே கால் வைக்கத் தேவையில்லை. மிதித்த மண் இறுகிவிடும், வேருக்குக் காற்று போகாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சரி, அழகு? பாகல், அவரையைப் பந்தலில் ஏற்றுங்கள். நிழல் மற்ற பாத்திகள்மேல் விழாத பக்கமாக. ஓரத்தில் சிவப்புத் தண்டுக்கீரை, நடுவில் கத்தரி. ஊதாப் பூவும் சிவந்த இலையும் சேர்ந்து நின்றால் தனியாகப் பூச்செடியே வேண்டாம் (ஆனாலும் நான் இரண்டு செண்டுமல்லி வைப்பேன்). கீரையை மொத்தமாக விதைக்காமல் 2 வாரத்துக்கு ஒரு வரிசை போடுங்கள், பாத்தி மொட்டையாகாது.