டாக்டர் டூமும் பழுப்பேறிய தாள்களும்

கேள்வி: மார்வெல் காமிக்ஸ் வில்லன் டாக்டர் டூம் வந்த பழைய இதழ்களைச் சேர்க்க ஆசை. மறுபதிப்புகள் இருக்கும்போது பழைய இதழ்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

பதில்: கதை மட்டும் போதுமென்றால் மறுபதிப்பே வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் 1962-இல் நான்கு சூப்பர்ஹீரோக்களின் கதையான ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸின் 5-ஆம் இதழில் டூம் முதன்முதலாக வந்தபோது, எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் அவனை முழுசாகச் செதுக்கி முடிக்கவில்லை. எதிரிகளைக் கடந்த காலத்துக்கு அனுப்பி, பிளாக்பியர்ட் என்ற கடற்கொள்ளையனின் புதையலை எடுத்துவரச் சொல்கிறான், அவ்வளவுதான். அவன் ஆளும் லாட்வேரியா என்ற கற்பனை நாடும் அவனுடைய பிள்ளைப்பருவத் துயரமும் 1964 ஆண்டுமலரில்தான் வருகின்றன. ஒரு வில்லன் இப்படி இதழுக்கு இதழ் வளர்வதை, அன்றைய வாசகர் பார்த்த சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளால் ஆன அதே அச்சில், விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் சேர்ந்து பார்ப்பது தனி சுகம். எனக்கு மிகவும் பிடித்தது 10-ஆம் இதழ், அதில் டூம் லீயும் கிர்பியும் வேலை செய்யும் அறைக்கே வந்து நிற்பான்!

5-ஆம் இதழ் கைக்கு எட்டாத விலை, அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பின்னால் வந்தவற்றில் கொஞ்சம் கசங்கிய பிரதிகள் பரவாயில்லை. அப்புறம், அட்டையில் வண்ணம் தீட்டிச் சரிசெய்திருக்கிறார்களா, எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.