பிள்ளைகளுக்கு வாற சொரியாசிஸ்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

இந்த முறை வந்த கேள்விகள்ல கனக்க சின்னப் பிள்ளைகள்ட சொரியாசிஸ் (தோல்ல சிவப்புப் படையும் செதிலும் வாற நோய்) பத்தித்தான், அதால எல்லாத்தையும் சேத்து எழுதுறன்.

மகளுக்கு 7 வயசு. தொண்டை நோ மாறி ரெண்டு கிழமையில உடம்பெல்லாம் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, மேல செதில். அம்மாள் எண்டு வேப்பிலை வச்சிருக்கம். (உப்புவெளி)

அம்மாள் எண்டா நீர்க்கொப்புளம் வந்து காய்ஞ்சு பொருக்கு விழும். நீங்க சொல்றதைப் பாத்தா துளித்துளியா வாற சொரியாசிஸ் மாதிரி இருக்கு, ஆனா நேர்ல பாத்துத்தான் உறுதியாச் சொல்லலாம். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் எண்ட கிருமி தொண்டையில வந்து 2, 3 கிழமைக்குப் பிறகு இது கிளம்பும். தொண்டையில கிருமி இன்னும் இருந்தா அன்டிபயோட்டிக் குடுப்பாங்க. கன பிள்ளைகளுக்கு 3, 4 மாசத்துல தானா மாறிடும், சிலருக்கு மட்டும் பிறகு பெரிய படையா வரலாம்.

மகனுக்கு 11 வயசு, முழங்கை முழங்கால்ல படை. பாமசியில வாங்கின டியூப் பூசினா நாலு நாள்ல போகுது, விட்டா கூடி வருது. வாப்பும்மா அவன்ட உடுப்பைத் தனியாத் தோய்க்கச் சொல்றா. (கிண்ணியா)

முதல்ல உடுப்பு விஷயம். இது தொத்தாது, தொட்டாலும் தொத்தாது, ஒரே துவாய் பாவிச்சாலும் தொத்தாது, உடம்புட நோய் எதிர்ப்புச் சக்தி தவறா வேலை செஞ்சு தோல் செல் ஒரு மாசத்துல வளர்றதுக்குப் பதிலா சில நாள்லயே வளர்ந்து மேல வந்து குவியுறதுதான் அந்தச் செதில். உடுப்பைத் தனியா வச்சா புள்ளட மனசுதான் நோகும், வாப்பும்மாக்கு ஆறுதலா விளங்கப்படுத்துங்க, வகுப்பு டீச்சருக்கும் ஒருக்கா சொல்லி வைங்க.

இப்ப அந்த டியூப். க்ளோபெட்டசோல் மாதிரி கடும் ஸ்டீரொய்ட் ஒயின்ட்மெண்டை டொக்டர்ட துண்டு இல்லாம வாங்கி மாசக்கணக்காப் பூசுறதுதான் எனக்குப் பெரிய கவலை. தோல் மெலிஞ்சு போகும், கோடு கோடா வெடிக்கும், திடீரெண்டு நிப்பாட்டினா படை இன்னும் மோசமா வரும். ஸ்டீரொய்ட் கெட்டது எண்டு சொல்லல்ல, நாங்களும் அதைத்தான் குடுக்கிறம், ஆனா எந்த இடத்துக்கு எவ்வளவு கடுமை, எத்தனை நாள் எண்டு கணக்கிருக்கு. பெரியாக்கள்ட சுட்டுவிரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்கினா அரை கிராம், அது பெரியாக்கள்ட ரெண்டு உள்ளங்கை (விரலும் சேத்து) அளவு இடத்துக்குப் போதும். அதோட விட்டமின் டி வகையான கல்சிபொட்ரியோல் சேத்துக் குடுப்பம். முகம், கமக்கட்டு, தொடையிடுக்குக்கு ஸ்டீரொய்ட் இல்லாத டக்ரோலிமஸ் ஒயின்ட்மெண்ட் நல்லம், தலைக்கு தார் ஷம்பு. குளிச்ச ஈரத்தோட வஸ்லின் பூசுறதை மட்டும் ஒரு நாளும் விடாதீங்க.

ஸ்டீரொய்ட் குளிசை வேண்டவே வேண்டாம், அதை நிப்பாட்டக்குள்ள சீழ்க்கொப்புளமாக் கிளம்பி ஆஸ்பத்திரியில போட வேண்டி வந்தாலும் வரும்.

கன்னியா வெந்நீரூற்றுல குளிக்க வார்த்தா மாறுமா? கடல்ல விடலாமா?

கன்னியாவில இருக்கிற ஏழு வெந்நீர்க் கிணறும் நம்மட பெருமைதான், ஆனா சுடுதண்ணி தோலை இன்னும் காய வைக்கும், சொரியாசிஸ் அதால மாறாது. கடல்ல தாராளமா விடுங்க, வந்த உடன நல்ல தண்ணியில குளிக்க வாத்து வஸ்லின் பூசுங்க. கொஞ்ச வெயில் நல்லது, ஆனா நிலாவெளி மத்தியான வெயில்ல தோல் எரிஞ்சா அந்த இடத்துலயே புதுசாப் படை வரும், கீறல் காயத்துலயும் அப்பிடித்தான்.

பூச்சு மருந்து கேக்கல்ல எண்டா?

311 நனோமீற்றர் யூவிபி எண்ட புற ஊதா லைட் கிழமைக்கு 2, 3 தரம் குடுக்கலாம், சின்னப் பிள்ளைகள் அந்த லைட் பெட்டிக்குள்ள நிக்கப் பயப்படுவாங்க, அதால கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். அதுக்கும் மேல போனா, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கிற மெதோட்ரெக்சேட் எண்ட மருந்து. இது கிழமைக்கு ஒருக்கா மட்டும்தான், ஒவ்வொரு நாளும் குடுத்தா உயிருக்கே ஆபத்து. குடுக்கிற நாளை கலண்டர்ல எழுதி ஒட்டுங்க, ஃபோலிக் அசிட்டும் ரத்த டெஸ்டும் தவறக்கூடாது, தடுப்பூசி போட முதல் டொக்டர்ட்ட கேளுங்க.

காலையில விரல் மூட்டு விறைக்குது எண்டு மகள் சொல்றா, நகத்துல ஊசி குத்தின மாதிரிக் குழி.

அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பாத்துட்டு இருக்காதீங்க. சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும், பிந்தினா மூட்டு பழுதாப் போகும், இந்தக் கிழமையே கூட்டிட்டுப் போங்க.