நந்தியாவட்டையில் நீலக்கண் புழு: அரளிப் பருந்து அந்துப்பூச்சி – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழு ஒன்று இருக்கிறது. தொட்டால் இரண்டு நீலக் கண்களை விழித்துக் காட்டுகிறது. இது எதன் புழு ஐயா?

பதில்: 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த, டாஃப்னிஸ் நீரியை என்னும் அறிவியல் பெயர் கொண்ட அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. நீங்கள் கண்டவை கண்களல்ல. தலைக்குச் சற்றுப் பின்னால் தோலில் அமைந்த, நடுவில் வெளிறி விளிம்பில் கருநீலமாக இருக்கும் வட்டங்கள். தலையை உள்ளிழுத்து அப்பகுதியை உப்பச் செய்யும்போது அவை விரிந்து, கொத்த வரும் பறவையை மிரளச் செய்கின்றன. உண்மையான கண்கள் ஊசிமுனை அளவே. வால்பக்கக் கொம்பு கொட்டாது.

கேள்வி: அரளி இலை மாட்டையே கொல்லுமே, அதைத் தின்னும் இந்தப் புழு எப்படிப் பிழைக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. அரளி நஞ்சு, உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் நொதியை முடக்கி இதயத்தை நிறுத்துகிறது. அரளியை உண்ணும் பல பூச்சிகளில் அந்த நொதியே மாறுதலடைந்து நஞ்சுக்கு மசியாமல் இருக்கிறது. இப்புழுவிலோ நொதி மாறவில்லை, நரம்புகளைச் சுற்றியுள்ள உறைதான் நஞ்சை உள்ளே விடாமல் தடுக்கிறது. மேலும், எருக்கிலை தின்னும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப் போல இது நஞ்சை உடலில் சேமித்து வைத்துக்கொள்வதில்லை.

கேள்வி: பச்சைப் புழு திடீரெனப் பழுப்பாகி, மறுநாள் காணாமல் போயிற்று. நோயா?

பதில்: இல்லை. இலைகளில் தனித்தனியாக இடப்படும் வெளிர்பச்சை முட்டையிலிருந்து வெளிவந்து, பலமுறை தோலுரித்து முழு வளர்ச்சி அடைந்த புழு, கூட்டுப்புழுவாகும் முன் இப்படித்தான் நிறம் மாறிச் செடியைவிட்டு இறங்கும். செடியடியில் சருகுகளைக் கிளறிப் பாருங்கள். தளர்ந்த இழைகளுக்குள் கரும்புள்ளிகள் கொண்ட வெளிர்பழுப்புக் கூட்டுப்புழு கிடைக்கலாம். பின்னர் வெளிவரும் பூச்சி, சிறகை விரித்தால் ஏறத்தாழ 9 முதல் 11 செ.மீ. இருக்கும். பச்சையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் அலையலையாக ஓடும் அழகை விளக்கொளியில் பார்த்தால்தான் தெரியும். அந்தி சாய்ந்ததும் மலர்முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும்.

கேள்வி: வேறு எங்கெல்லாம் உண்டு?

பதில்: ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பரவலாக உண்டு. கோடையில் ஐரோப்பாவுக்கும் பறந்து செல்லும். ஆயினும் அங்குள்ள குளிர்காலத்தைத் தாங்காது. ஹவாய்த் தீவுகளில் 1970களில் குடியேறியது.

கேள்வி: மருந்து அடிக்கலாமா?

பதில்: தேவையில்லை. வளர்ந்த செடி மீண்டும் துளிர்த்துவிடும். சிறு நாற்றாக இருந்தால், இலைமேல் கிடக்கும் கருநிறப் புழுக்கைகளுக்கு நேர் மேலே தேடி, புழுவைப் பிடித்துப் பெரிய அரளியில் விட்டுவிடுங்கள். அரளிப்பால் பட்ட கையை மட்டும் மறக்காமல் கழுவுங்கள்.